போர்வையில் ஒரு பாழ் நகரம்

மடித்து வைத்திருக்கும்போது அது சாதாரணப் போர்வைதான். உதறி விரித்தால் மூன்று மாடி உயரத்துக்குச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. கூரை இல்லை. மாடித் தளங்கள் இல்லை. ஜன்னல்கள் இருந்த சதுரங்களில் வானம் தெரிகிறது. முகப்புச் சுவரின் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்க, மற்ற சுவர்கள் படிப்படியாகச் சரிந்து தரையைத் தொடுகின்றன. சுற்றிலும் குத்துச்செடிகள் முளைத்த வறண்ட நிலம். பின்னால் மொட்டை மலை. கையால் தடவினால் மட்டும் பூனைக்குட்டியின் முதுகைப் போல அத்தனை மென்மை.

அமெரிக்க இணையக் கடைகளில் இப்படிப்பட்ட ஃபிளீஸ் போர்வைகள் ஏராளம். ஆள் நடமாட்டம் ஒழிந்துபோன ஊர்களின் புகைப்படங்களை அச்சிட்டு விற்கிறார்கள். வழக்கமான அளவு 50 அங்குலத்துக்கு 60 அங்குலம். சோபாவில் சாய்ந்தபடி ஓர் ஆள் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். அதே படம் தலையணை உறையிலும், குளியலறைத் திரையிலும், காபி கோப்பையிலும் கிடைக்கும்.

மேலே சொன்ன படத்தில் இருப்பது ஜான் எஸ். குக் வங்கியின் கட்டடம். இடம், நெவாடா மாநிலத்தின் ரையோலைட். லாஸ் வேகாஸிலிருந்து வடமேற்கே சுமார் 190 கிலோமீட்டர். டெத் வேலி தேசியப் பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டிய பாலை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட இடிபாடுகளில் இதுவும் ஒன்று. 1908-இல் 90,000 டாலர் செலவில் எழுந்தது. இத்தாலியப் பளிங்குத் தரை, மஹாகனி மர வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடி, மின்விளக்கு, தொலைபேசி, கட்டடத்துக்குள்ளேயே குழாய்த் தண்ணீர் என்று எல்லாம் இருந்தன. கீழ்த்தளத்தில் தபால் நிலையம் இயங்கியது. இத்தனை பகட்டோடு எழுந்த அந்த வங்கி, 1910-இல் கதவைச் சாத்திவிட்டது.

படத்தைப் பார்க்கிறவருக்கு அழகு தெரிகிறது. அங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது தெரிவதில்லை. அந்தப் போர்வையில் அச்சாகாமல் போன கதை இது.

தவளை நிறத்தில் தங்கம்

1904 ஆகஸ்ட் 9. ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் டெத் வேலிக்கு அருகே ஒரு குன்றில் பச்சை படர்ந்த ஒரு பாறையைக் கண்டார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே தங்கம். அந்தப் பச்சையைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் புல்ஃபிராக். அதாவது பெரிய இனத் தவளை. சுற்றுவட்டாரம் முழுக்கப் ‘புல்ஃபிராக் சுரங்கப் பகுதி’ ஆனது. 1905 தொடக்கத்தில் அங்கே மனை பிரித்து உருவான ஊருக்கு, அந்த மண்ணில் நிறைந்து கிடந்த எரிமலைப் பாறையின் பெயரே அமைந்தது. ரையோலைட் என்பது அந்தப் பாறையின் பெயர்தான்.

முதலில் வந்தவை கூடாரங்கள். குடிக்கத் தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றி வண்டியில் கொண்டுவந்து விற்றார்கள். 1906-இல், எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான சார்லஸ் ஷ்வாப் அங்கிருந்த மாண்ட்கோமரி ஷோஷோனி சுரங்கத்தை வாங்கினார். அவர் பெயர் வந்ததுமே ஊரின் போக்கு மாறியது. குழாயில் தண்ணீர் வந்தது. மின்சாரம் வந்தது. அடுத்தடுத்து மூன்று ரயில் நிறுவனங்கள் பாலைவனத்தில் தண்டவாளம் போட்டன.

1907-இல் அந்த ஊரில் என்னவெல்லாம் இருந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கான்கிரீட் நடைபாதை, தினசரிப் பத்திரிகை, மாத இதழ், மருத்துவமனை, பள்ளி, தீயணைப்புப் படை, இசை நாடக அரங்கு, நீச்சல் குளம், இரண்டு தேவாலயங்கள், குறைந்தது மூன்று வங்கிகள். ஊருக்கென்றே ஒரு பங்குச் சந்தையும் இருந்தது. மக்கள்தொகை 3,500-இலிருந்து 5,000 வரை இருந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் குத்துச்செடியும் பல்லியும் தவிர வேறெதுவும் இல்லை என்றுதான் வந்தவர்கள் நினைத்தார்கள்.

அது உண்மையும் இல்லை. அந்த நிலம் ஷோஷோனி பழங்குடியினரின் வாழ்விடம். சுரங்கத்தின் பெயரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அங்கிருந்த தாதுவை, சுரங்கத்துக்குப் பெயர் தந்த பாப் மாண்ட்கோமரிக்குக் காட்டிக்கொடுத்தவர் ஷோஷோனி இனத்தைச் சேர்ந்த ஒருவர் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். சுரங்கம் மூடி, நகரம் கலைந்த பிறகும் அவர்கள் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்குச் சுமார் 7,700 ஏக்கர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. டெத் வேலியில் அவர்களுடைய கிராமம் இன்றும் இருக்கிறது. ‘ஆளில்லாத பாலை’ என்று போர்வைப் படம் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

காகிதத்தில் தொடங்கிய சரிவு

ரையோலைட்டைக் கொன்றது வெள்ளமோ, நோயோ, நெருப்போ இல்லை. பணம்தான் அதைக் கட்டியது; பணம்தான் அதைக் கைவிட்டது.

1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தது. மேற்குப் பகுதிச் சுரங்கங்களுக்குப் பணம் பாய்ந்த முக்கிய வழிகளில் ஒன்று அந்த நகரம். அந்த அடி ஆறுவதற்குள் 1907 அக்டோபரில் நியூயார்க்கில் நிதி நெருக்கடி வெடித்தது. கடன் கிடைப்பது நின்றது. புது முதலீட்டை நம்பித் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின.

மாண்ட்கோமரி ஷோஷோனியின் பங்கு ஒரு காலத்தில் 23 டாலருக்கு விலை போனது. அது 3 டாலருக்கும் கீழே இறங்கியது. சிறு பங்குதாரர்களுக்குச் சந்தேகம் வந்தது. சுரங்கத்தின் மதிப்பை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறார்களோ என்று அஞ்சி, 1908 பிப்ரவரியில் அவர்களே ஒரு பிரிட்டிஷ் சுரங்கப் பொறியாளரை அமர்த்திச் சோதிக்கச் சொன்னார்கள். அவர் கொடுத்த அறிக்கை சாதகமாக இல்லை. செய்தி பரவியதும் பங்கு விலை 75 சென்ட் ஆனது.

இனி நடந்ததைக் கவனிக்க வேண்டும். பங்கு சரிந்த அதே 1908-இல்தான் குக் வங்கியின் மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கிய 1909-இல்தான் ஊருக்கு இரண்டு மாடிப் பள்ளிக்கூடம் கட்டி முடிந்தது. அதன் வகுப்பறைகள் ஒருநாளும் நிறையவில்லை. ஊர் எழும்போது போட்ட திட்டங்கள், ஊர் விழும்போது சுவர்களாகி நின்றன. இன்று படத்தில் கம்பீரமாகத் தெரியும் இரண்டு இடிபாடுகளுமே வீழ்ச்சி தொடங்கிய பிறகு எழுந்தவை.

1910 கணக்கெடுப்பில் ரையோலைட்டில் 675 பேர் இருந்தார்கள். 1911-இல் சுரங்கம் மூடப்பட்டது. 1913-இல் தபால் நிலையம் போனது. 1914 ஜூலையில் கடைசி ரயில் கிளம்பியது. 1916-இல் மின் நிறுவனம் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போனது. 1920-இல் அந்த ஊரில் ஏறக்குறைய யாருமே இல்லை. தங்கம் கிடைத்த நாளிலிருந்து விளக்கு அணைந்த நாள் வரை பன்னிரண்டு ஆண்டுகள்.

தூக்க முடியாதவை மட்டும்

இடிபாடுகளைப் பார்க்கும் எவருக்கும் காலம்தான் இதை இடித்தது என்று தோன்றும். காற்றும் வெயிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்ததாக மனம் கதை கட்டும். ரையோலைட்டில் பெரும்பகுதி வேலையைச் செய்தது மனிதக் கைகள்.

மரமே இல்லாத பாலையில் பலகைக்கும் உத்திரத்துக்கும் தங்கத்துக்கு அடுத்த மதிப்பு. ஊர் கலைந்ததும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள் வந்து கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். கதவு, ஜன்னல், தரைப்பலகை, கூரைத் தகடு எதையும் விடவில்லை. ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பீட்டி என்ற ஊரின் பல கட்டடங்கள் ரையோலைட்டின் பொருள்களால் எழுந்தவை. ரையோலைட்டின் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடம் அப்படியே பீட்டிக்குப் போய் ஊர் மன்றக் கூடமானது.

இதை மனதில் வைத்துக்கொண்டு போர்வையில் உள்ள படத்தை மறுபடி பார்த்தால் வேறொன்று புலப்படும். நிற்பவை எல்லாம் தூக்கிச் செல்ல முடியாத கான்கிரீட்டும் கல்லும்தான். கான்கிரீட்டில் கட்ட வசதி படைத்தவர்கள் வங்கிக்காரர்கள், வணிகர்கள், ரயில் நிறுவனங்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் வசித்த துணிக் கூடாரமும் பலகைக் குடிசையும் எங்கேயும் இல்லை. அவை ஒன்று வேறு ஊருக்குப் போயின, அல்லது மட்கிப் போயின. ரையோலைட்டின் படம் என்று நாம் பார்ப்பது ரையோலைட்டின் பணக்காரத் தெருவின் படம். அந்த ஊரின் பெரும்பான்மையோர் வாழ்ந்த இடம் எந்தச் சட்டகத்துக்குள்ளும் வர வழியில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு அங்கே இருக்கிறது. டாம் கெல்லி என்பவர் 1906 வாக்கில் கட்டிய பாட்டில் வீடு. மரம் கிடைக்காத ஊரில் மதுக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலிப் பாட்டில்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவர் சுமார் 50,000 பீர், மருந்துப் பாட்டில்களைச் சேர்த்து, மண் கலவையில் படுக்க வைத்துச் சுவர் எழுப்பினார். 1925-இல் படப்பிடிப்புக்காக வந்த பாரமவுண்ட் நிறுவனம் அதைப் பழுது பார்த்தது. இன்றும் நிற்கிறது. கையில் கிடைத்ததை வைத்து ஒரு சாமானியர் எழுப்பிய வீடு ரையோலைட்டில் முழுசாகத் தப்பியிருப்பது அது ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஆனால் போர்வைக்குப் போகும் படம் பெரும்பாலும் வங்கியின் படமே.

துணியில் இடிபாடு புதிதல்ல

இடிந்த கட்டடத்தைத் துணியில் அச்சிட்டு வீட்டை அலங்கரிக்கும் ஆசை இன்றைக்கு வந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது பெரிய மோகம். அந்தக் கதையின் வேர் நம் கடற்கரையில் இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத் துணிகள் ஐரோப்பாவைக் கிறங்கடித்தன. துவைத்தாலும் போகாத சிவப்பும் நீலமும் அங்கே யாருக்கும் கைவராத வித்தை. தங்கள் நெசவாளர்கள் நசிந்துபோகிறார்கள் என்று 1686-இல் பிரான்ஸ் இந்த அச்சுத் துணிகளுக்குத் தடை போட்டது. தடை இருக்கும்போதே ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சியும் நடந்தது. 1734 வாக்கில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் வேலை செய்வதைக் கட்டம் கட்டமாகக் கவனித்து எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியையும் சேர்த்து அனுப்பினார். 1742-இல் கூர்து என்ற சேசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்திலும் அதே செய்முறை விரிவாக இருக்கிறது. சாயக்காரர்களின் பெயர் இரண்டிலும் பெரிதாக இடம்பெறவில்லை. வித்தை மட்டும் கப்பல் ஏறியது.

1759-இல் தடை நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ஜூயி என்ற ஊரில் அச்சுத் துணி ஆலையைத் தொடங்கினார். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கித் துணியில் அச்சிடும் முறை அயர்லாந்தில் 1750களில் உருவாகியிருந்தது. அது ஜூயிக்கும் வந்தது. ஆடு மேய்க்கும் பெண்கள், முறிந்த தூண்கள், செடி முளைத்த வளைவுகள் என்று ஒற்றை நிறத்தில் அச்சான அந்தத் துணிகள் படுக்கை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் பணக்கார வீடுகளில் தொங்கின.

அங்கிருந்த இடிபாடு ரோமானியப் பாணியில் ஓவியர் வரைந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுத் தொலைவு அதற்கு இருந்தது. ரையோலைட் அப்படியில்லை. அங்கே வேலை செய்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று உயிரோடு இருக்கக்கூடிய அளவுக்கு அது அண்மைக் காலத்து ஊர்.

வாயுவாக மாறும் சாயம்

புகைப்படம் எப்படிப் போர்வையாகிறது என்பதும் சுவையான விஷயம்.

டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு 2013-இல் சர்வதேச இருள் வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. நகர வெளிச்சம் எட்டாத அந்த வட்டாரத்தில் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். அதனால் குக் வங்கியின் சுவர்களுக்கு மேல் பால்வீதி எழும் காட்சியை எடுக்கப் புகைப்படக் கலைஞர்கள் முக்காலியும் கையுமாக வருகிறார்கள். மற்றவர்கள் மாலை வெயில் சுவரில் பொன்னாகப் படியும் நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள். எடுத்த படத்தை இணையச் சந்தையில் ஏற்றிவிட்டால் போதும். யாராவது ஆர்டர் கொடுத்த பிறகுதான் போர்வை அச்சாகும். கிடங்கும் தேவையில்லை, முதலும் தேவையில்லை.

அச்சு முறைக்கு சப்ளிமேஷன் என்று பெயர். நம் ஊரில் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் படம் போட்டுத் தருகிற கடைக்காரர்களுக்கு இது தினசரித் தொழில். முதலில் படத்தை இடவலம் மாற்றித் தனிக் காகிதத்தில் அச்சிடுவார்கள். காகிதத்தைத் துணிமேல் வைத்து, ஹீட் பிரஸ் இயந்திரத்தில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். திடமாக இருந்த சாயம் திரவமாகாமலே நேராக வாயுவாகும். அதே சூட்டில் பாலியஸ்டர் இழையும் இளகி இடம் கொடுக்கும். வாயு உள்ளே புகுந்ததும் சூடு தணிய, இழை இறுகி, சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடும். மேலே பூச்சு எதுவும் இல்லை என்பதால் தடவினால் நிறம் கையில் தட்டுப்படாது, துவைத்தால் உரியாது. பருத்தியில் இது பலிக்காது. வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. மேகத்தின் வெண்மையெல்லாம் துணியின் சொந்த நிறம்.

ஃபிளீஸ் துணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவும் ஒரு தொழில் நகரத்தின் கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரை ஒட்டி இயங்கிய மால்டன் மில்ஸ் என்ற ஆலை, 1970களின் இறுதியில் பாலியஸ்டரைக் கம்பளிபோல் மென்மையாக்கி போலார் ஃபிளீஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 1995 டிசம்பர் 11 இரவு அந்த ஆலை தீப்பிடித்து எரிந்தது. முதலாளி ஆரோன் ஃபியூர்ஸ்டைனுக்கு அப்போது எழுபது வயது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஆலையைக் கூலி மலிவான நாட்டுக்கு மாற்றியிருக்கலாம். அவர் அதே இடத்தில் திரும்பக் கட்டினார். வேலையிழந்து நின்ற தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். அந்தக் கடன் சுமையில் நிறுவனம் 2001-இல் திவால் நிலைக்குப் போனது. ஆலை பிறகு அவர் கையை விட்டுப் போயிற்று. இருந்தாலும் அந்த வட்டாரத் தொழிலாளர்கள் அவரை மறக்கவில்லை. முதலீடு கைவிட்ட ஊரின் படம், தொழிலாளரைக் கைவிட மறுத்த ஒருவரின் ஆலை தந்த துணியில் அச்சாகிறது.

இந்த மென்மைக்கு ஒரு விலை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு ஆடையைத் துவைக்கும்போது 1,900-க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரில் கலக்கலாம் என்று கண்டறிந்தார்கள். அந்த ஆய்வில் சோதித்தவற்றில் போர்வையும் இருந்தது. அதிகமாக உதிர்த்தது ஃபிளீஸ். குளிர்ந்த நீரில், குறைந்த சுழற்சியில், தேவைப்படும்போது மட்டும் துவைப்பது இந்தச் சேதத்தைக் குறைக்கும்.

படம் யாருக்குச் சொந்தம்?

ரையோலைட்டின் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாகத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டடங்களைப் பொது இடத்தில் நின்று படம் எடுத்து விற்பதற்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

ஊருக்குத் தெற்கே சில அடி நடந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே கோல்ட்வெல் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆல்பர்ட் சூகால்ஸ்கி என்ற பெல்ஜியச் சிற்பி 1984-இல் ‘கடைசி இராவுணவு’ சிற்பத் தொகுதியை அங்கே அமைத்தார். அருகிலிருந்த ஊர்க்காரர்களை நிற்க வைத்து, சாந்தில் தோய்த்த சாக்குத் துணியை அவர்கள் மேல் போர்த்தினார். துணி இறுகியதும் ஆள் வெளியே நழுவிவிட, முக்காடிட்ட வெற்று உருவம் மட்டும் நின்றது. வெள்ளை முக்காடுகளுக்குள் யாரும் இல்லாத அந்தப் பதின்மூன்று உருவங்களும் பாலைவனக் காற்றில் வரிசையாக நிற்பது ரையோலைட்டுக்கு வருகிற எவரையும் உலுக்கிவிடும். சிற்பத்தைப் படமெடுத்துப் போர்வையில் விற்க வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்; கட்டடத்துக்கு உள்ள சலுகையை அமெரிக்கச் சட்டம் சிற்பத்துக்குத் தரவில்லை.

வேறு பாழ் நகரங்களின் விதிகள் வேறு. கலிஃபோர்னியாவின் போடி 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்கா. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் நிற்கின்றன. புதுப்பிக்கவும் மாட்டார்கள், மேலும் விழவும் விடமாட்டார்கள்; விட்ட இடத்தில் அப்படியே நிறுத்தி வைப்பதுதான் கொள்கை. வணிகப் படப்பிடிப்புக்கு அனுமதி பெற வேண்டும். நமீபியாவின் கோல்மான்ஸ்கோப் வைர நகரம் 1956-இல் கைவிடப்பட்டது. அதன் வீடுகளுக்குள் மணல் புகுந்து கதவுப் பாதி வரை நிறைந்திருக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. 1908-இல் அங்கே முதல் வைரத்தைக் கண்டெடுத்தவர் சக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி. செல்வம் அவர் கைக்கு வரவில்லை. அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த மேலதிகாரி ஆகஸ்ட் ஷ்டாவ்ஹ் கோடீஸ்வரர் ஆனார். மணல் நிறைந்த நீல அறையின் படத்தை விற்பவர்களில் பெரும்பாலோர் லெவாலாவின் பெயரைச் சொல்வதே இல்லை.

பெயரில்லாத அழகு

இடிபாட்டுப் படங்கள் மீது கடும் விமர்சனம் எழுந்த ஊர் டெட்ராய்ட். கார் தொழில் சரிந்து ஆலைகளும் அரங்குகளும் பாழடைந்தபோது, உலகெங்கும் இருந்து புகைப்படக் கலைஞர்கள் வந்தார்கள். 2010-இல் இரண்டு பிரெஞ்சுக் கலைஞர்கள் வெளியிட்ட டெட்ராய்ட் இடிபாடுகள் பற்றிய பெரிய படத் தொகுப்பு பெரும் பேச்சானது. ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: நாங்கள் இன்னும் இங்கே வாழ்கிறோமே, எங்களை ஏன் படத்தில் காணோம்? அந்தப் படங்களில் தவறாமல் இடம்பெற்றது 1988-இல் கடைசி ரயில் கிளம்பிய மிச்சிகன் மத்திய ரயில் நிலையம். 2018-இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கிப் புதுப்பித்தது. 2024 ஜூனில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. முடிந்த கதை என்று உலகம் சுவரில் மாட்டிவைத்த கட்டடத்தில் இன்று ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ரையோலைட்டுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு வரப்போவதில்லை. அதனாலேயே அதன் படத்தை எடுப்பதும், அச்சிடுவதும், வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம் என்று சொல்ல முடியாது. நெவாடா பாலைக்குப் போகவே வாய்ப்பில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தச் சுவர்களைக் காட்டுவது இந்தப் படங்கள்தான். ஆண்டுக்காண்டு சிதையும் கட்டடத்துக்கு ஒவ்வொரு படமும் ஓர் ஆவணம். பார்க்கப் பார்க்கத்தான் அக்கறை பிறக்கும். அக்கறை இருந்தால்தான் பாதுகாக்கப் பணம் ஒதுக்குவார்கள்.

ஆவணமாக வேண்டுமானால் படத்துக்கு விவரம் வேண்டும். அமெரிக்க அரசு 1933-இல் வரலாற்றுக் கட்டடங்களைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் படங்கள் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படத்தோடு ஊர், மாவட்டம் போன்ற விவரங்கள் சேர்ந்தே இருக்கும்; பலவற்றில் கட்டடத்தின் வரலாறும் உண்டு. போர்வை விற்பனைப் பக்கங்களில் பல நேரம் ‘பழைய நகரம்’, ‘மேற்கத்திய இடிபாடு’ என்பதோடு முடிந்துவிடுகிறது. ஊரின் பெயர் போனால், அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனாரும், அதில் பணம் போட்டு இழந்த சிறு பங்குதாரரும், பலகையைக் கழற்றிப் பீட்டியில் வீடு கட்டிய குடும்பமும் சேர்ந்தே போய்விடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு நிறச் சேர்க்கை.

அமெரிக்காவில் விற்கும் எந்தப் போர்வையிலும் என்ன இழை, எந்த நாட்டில் செய்தது என்ற விவரப் பட்டி இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நூறு சதவீதம் பாலியஸ்டர் என்பதைச் சொல்ல இடம் இருக்கும் அந்தச் சிறு பட்டியில் ‘குக் வங்கி, ரையோலைட், நெவாடா, 1908’ என்று ஒரு வரி சேர்க்கவும் இடம் இருக்கும். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை, வாங்குகிறவர்கள் கேட்கலாம். படம் எடுப்பவர்கள் பதிவேற்றும்போதே ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதட்டும். விற்பவர்கள் அதைப் பட்டியில் அச்சிடட்டும். நேரில் போகிறவர்கள் சுவரில் ஏற வேண்டாம், ஓர் ஆணியைக் கூட எடுத்து வர வேண்டாம். நூறு ஆண்டு கடந்த பொருளை அரசு நிலத்திலிருந்து எடுப்பது அங்கே குற்றம். போர்வை வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ‘இது எந்த ஊர்?’ என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.